பசி வேறு, நாக்கு கேட்பது வேறு: டயட்டில் இரண்டையும் சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

இரவு பத்தே முக்கால். சாப்பிட்டு இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து அதன் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் ஒரு துண்டு சீஸ். "புரதம்தானே" என்று ஒரு சமாதானம். அதற்குத் துணையாக நாலு பிஸ்கட். உப்பாகச் சாப்பிட்டாயிற்று, இனிப்பாகவும் ஏதாவது வேண்டாமா? வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவில் ஒரு ஸ்பூன், ஸ்பூனைக் கழுவப் போகுமுன் இன்னொரு முறை. பகல் முழுக்கக் கணக்குப் பார்த்து மிச்சம் பிடித்தது ஐந்தே நிமிடத்தில், நின்ற நிலையிலேயே போய்விட்டது. கதவை மூடும்போது வயிறு கனத்தது. வாய் மட்டும் இன்னும் நமநமத்துக்கொண்டிருந்தது.

அதே வாரத்தில் இன்னொரு நாள் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மூன்று மணி வரை வீம்பாக இருந்தேன். தலைவலி, எரிச்சல், பேசியவர்களிடமெல்லாம் வள்ளென்று விழுந்தேன். அதற்கு 'மன உறுதி' என்று பெயரும் வைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால், பசித்தபோது சாப்பிடவில்லை, பசிக்காதபோது சாப்பிட்டிருக்கிறேன். டயட் கவிழ்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பசிக்குச் சாப்பாடு போட வேண்டும். நாக்கின் ஆசைக்கு வேறு வைத்தியம். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்து, அதற்கு அதை, இதற்கு இதைச் செய்வது பற்றியவை.

படி 1: பழமொழியை வைத்தே சோதியுங்கள்

"பசி ருசி அறியாது" என்பார்கள். டயட்டில் இருப்பவருக்கு இதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. ஏதாவது சாப்பிடத் தோன்றும்போது, உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு சாதாரண உணவை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு மட்டும் போட்டு வேகவைத்த பருப்பு, அவித்த முட்டை, ஓர் ஆப்பிள், எதுவானாலும் சரி. "அதுவும் பரவாயில்லை, கொடு" என்று உள்ளே பதில் வந்தால் அது பசி. "அதெல்லாம் வேண்டாம், அந்தச் சாக்லேட்தான் வேண்டும்" என்றால் அது ருசி.

பசி மெதுவாக ஏறும், சாப்பிட்டால் இறங்கும். ஆசை திடீரென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைக் கேட்கும், வயிறு நிறைந்த பிறகும் போகாது. வயிறு கடமுடவென்று சத்தம் போட்டாலே பசி என்று எண்ணிவிட வேண்டாம். காலியான வயிறும் குடலும் ஏறக்குறைய ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுருங்கித் தம்மைத் தாமே கூட்டிப் பெருக்கிக்கொள்ளும். பல நேரம் நாம் கேட்பது அந்தத் துடைப்பச் சத்தம்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் முக்கியமானது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, உடலையே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் திடீர்ப் பசியோடு வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் அங்கே எந்தச் சோதனையும் வேண்டாம். இரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே 15 கிராம் அளவுக்குச் சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். இந்த மருந்துகளை எடுப்பவர்கள் டயட்டைத் தொடங்குவதே மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் இருக்க வேண்டும். சாப்பாடு குறைந்தால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும்.

படி 2: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

டயட்டை மாற்ற வேண்டாம், எதையும் நிறுத்த வேண்டாம். சாப்பிடத் தோன்றிய ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் மட்டும் குறித்து வையுங்கள். என்ன நேரம், பசி பத்துக்கு எத்தனை, எதைச் சாப்பிடத் தோன்றியது, அதற்குச் சற்று முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். நான்காவதுதான் விஷயமே.

என் நோட்டில் ஒரு வாரத்தில் பதினேழு பதிவுகள். அவற்றில் ஐந்தில்தான் பசி ஆறைத் தாண்டியிருந்தது, ஐந்துமே மதியம் சரியாகச் சாப்பிடாத நாட்களின் மாலை. மீதியில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி: இரவு, சோபா, கையில் போன். எனக்கு இனிப்புப் பைத்தியம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் பார்த்தால் சோபாவில்தான் கோளாறு.

மாதவிடாய் வருபவர்கள் தேதியையும் சேர்த்துக் குறியுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பசியும் ஆசையும் பலருக்குக் கூடும். முன்கூட்டியே தெரிந்தால், அந்த நாட்களுக்குச் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டித் திட்டமிடலாம். திட்டமிட்டுக் கூட்டியது தோல்விக் கணக்கில் சேராது.

படி 3: சாப்பாட்டில் வெட்டு அதிகமா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். ஆசையை அடக்க என்னென்னவோ தந்திரம் தேடுவார்கள். உண்மையில் அவர்கள் பட்டினி கிடந்துகொண்டிருப்பார்கள்.

1945-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். தினமும் சராசரியாக 1,570 கலோரி. அதற்கு முன் அவர்கள் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதி. எடை கால்வாசி இறங்கியது. ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டியது அவர்கள் மனதுக்கு நேர்ந்தது. எந்நேரமும் சாப்பாட்டுப் பேச்சு, சாப்பாட்டுக் கனவு. அதுவரை சமையல் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். மறுபடி சாப்பிட விட்டபோது சிலரால் எவ்வளவு சாப்பிட்டாலும் நிறுத்த முடியவில்லை.

ஆகவே நீங்கள் இரவில் படுத்துக்கொண்டு சமையல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினால், அதற்கு உங்கள் குணத்தைக் குறை சொல்லாதீர்கள். முதலில் தட்டைப் பாருங்கள். உடல் ஒரு நாளில் செலவழிப்பதைவிட 300 முதல் 500 கலோரி வரை குறைத்துச் சாப்பிடுவது பலரால் தாங்கக்கூடிய அளவு. 1,000 குறைத்தால் முதல் இரண்டு வாரம் உற்சாகமாகப் போகும், அப்புறம் ஃபிரிட்ஜ் வெளிச்சம்தான். எடை வேகமாக இறங்குவதைவிட, இறங்கிக்கொண்டே இருப்பது பெரிது.

படி 4: தட்டில் இடத்தை அடைக்கும் சாப்பாடு

வயிறு கலோரியை எண்ணுவதில்லை. எவ்வளவு விரிகிறது, எவ்வளவு நேரம் நிறைந்திருக்கிறது என்பதை நரம்பு வழியாக மூளைக்குச் சொல்கிறது. உணவு குடலை எட்டியதும் அங்கிருந்தும் 'போதும்' என்று ஹார்மோன்கள் கிளம்புகின்றன. ஒரே கலோரியில் இந்தச் செய்தியைச் சத்தமாக அனுப்பும் உணவும் உண்டு, முணுமுணுக்கும் உணவும் உண்டு.

1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். 38 உணவுகள், ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு, சாப்பிட்டபின் இரண்டு மணி நேரத்துக்கு வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற கேள்வி. வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்துக்கொண்டால், வெண்ணெய் மடித்துச் செய்யும் குரோசான் 47-இல் நின்றது. முதலிடம் எதற்கென்று நினைக்கிறீர்கள்? 'டயட்டில் ஆகவே ஆகாது' என்று பலர் ஒதுக்கும் அவித்த உருளைக்கிழங்குக்கு: 323. அதையே எண்ணெயில் பொரித்துச் சிப்ஸாக்கினால் கதை மாறிவிடும்.

நடைமுறையில் ஒவ்வொரு வேளையும் மூன்று கேள்வி கேளுங்கள்.

புரதம் எங்கே? முட்டை, பருப்பு, பயறு, மீன், கோழி, தயிர், சோயா, எதுவானாலும் ஒரு வேளைக்கு 20 முதல் 30 கிராம் புரதம் வரும்படி பாருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. "ஒரு முட்டை சாப்பிட்டேனே, ஏன் பசிக்கிறது?" என்பதற்கு விடை அதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

நார்ச்சத்து எங்கே? நாளைக்கு 25 கிராமாவது வேண்டும். காய், பழம், பயறு, முழுத் தானியம் ஆகியவற்றிலிருந்து வரட்டும். இதுவரை குறைவாகச் சாப்பிட்டவர்கள் ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பிவிடும், இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள்.

மெல்ல வேண்டியிருக்கிறதா? ஆரஞ்சுச் சாறு ஒரு டம்ளர் பத்து நொடியில் இறங்கிவிடும். அதில் போன மூன்று ஆரஞ்சுப் பழங்களை உரித்துச் சுளை சுளையாகச் சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டாவதிலேயே போதும் என்றிருக்கும். கலோரியைக் குடிப்பது டயட்டில் இருப்பவர் செய்யும் மோசமான செலவு. ஆனால் காய்கறி சூப்பை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிண்ணம் குடித்தால் பின்னால் வருவது தானாகக் குறைகிறது.

வெறும் தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடியுங்கள், நல்லதுதான். ஆனால் வயிற்றில் அது நெடுநேரம் தங்காது. அதை நம்பி ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாக்கெட் உணவு விஷயத்தில் எனக்கு முன்பு சந்தேகம் இருந்தது. கலோரி ஒன்றுதானே, பாக்கெட்டில் வந்தால் என்ன என்று. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்திய ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். பதப்படுத்திய உணவு கொடுத்தபோது அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். யாரும் அவர்களைத் தூண்டவில்லை, அந்த உணவு தானாகவே வேகமாக உள்ளே போகிறது.

படி 5: கடிகாரமும் தூக்கமும்

வயிற்றில் சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலினை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999-இல் கண்டுபிடித்தார்கள். அது நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னால் ஏறும். அப்போது சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். பசி அலை அலையாக வருவது இதனால்தான். தினமும் பதினொரு மணிக்குப் பிஸ்கட் சாப்பிட்டுப் பழகியவருக்குப் பதினொரு மணிக்குப் பசிப்பது நிஜம். ஆனால் அது கற்றுக்கொண்ட பசி. ஓரிரு வாரம் அந்த நேரத்தில் ஒன்றும் கொடுக்காமல், மதியச் சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுத்தால் மெல்ல மறந்துவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று வேளையா ஆறு வேளையா என்ற சண்டையில் நான் எந்தப் பக்கமும் இல்லை. எத்தனை வேளை என்றாலும் தினம் அதே நேரத்தில் இருக்கட்டும். இரவில்தான் உங்களுக்கு ஆசை படுத்துகிறது என்றால், காலையில் மிச்சம் பிடிப்பதை விட்டுவிட்டு மாலை ஐந்து மணிக்குத் திட்டமிட்ட சிற்றுண்டி ஒன்றை வையுங்கள். எனக்கு அந்த ஒன்றிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தூக்கத்தை யாரும் டயட் கணக்கில் சேர்ப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். நன்றாகத் தூங்கியபோது இருந்ததைவிடக் கிரெலின் 28 சதவீதம் கூடியது, 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. அவர்கள் அதிகம் விரும்பிக் கேட்டவை இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள். நீங்கள் நள்ளிரவு ஒரு மணிக்குத் தூங்கி ஐந்தரைக்கு உடற்பயிற்சிக்கு எழுபவரானால், அந்த உடற்பயிற்சியை விட்டுவிட்டுத் தூங்குவதே அன்றைய டயட்டுக்கு லாபம்.

படி 6: வீட்டை மாற்றி அடுக்குங்கள்

கண்ணில் படுவதைக் கை எடுக்கும். நொறுக்குத்தீனி மேசைமேல் கண்ணாடிப் பாட்டிலில் இருந்தால் ஒரு நாளில் இருபது முறை "வேண்டாம்" சொல்ல வேண்டும், இருபத்தோராவது முறை சொல்ல மாட்டோம். அதைக் கறுப்பு டப்பாவில் போட்டு, ஏணி போட்டு எடுக்கும் உயரத்தில் வையுங்கள். வாங்காமல் இருந்தால் இன்னும் சுலபம். குழந்தைகளுக்காக, விருந்தாளிகளுக்காக என்று வாங்குவதில் எத்தனை நம் வாய்க்குப் போகிறது என்பது உங்கள் நோட்டுக்குத் தெரியும். கடைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நின்றுகொண்டு சாப்பிடுவதில்லை, பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிடுவதில்லை என்று இரண்டு விதி போதும்.

படி 7: ஆசை வந்துவிட்டது, இப்போது என்ன?

முதல் படியின் சோதனையைச் செய்தாயிற்று, பசி இல்லை, ஆனால் வாய் கேட்கிறது. இங்கே 'கூடாது, நினைக்கவே கூடாது' என்று ஆரம்பித்தால் தொலைந்தது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம் வெள்ளைக் கரடியை மட்டும் ஐந்து நிமிடம் நினைக்காதீர்கள் என்றார். அவர்களால் முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று விட்டதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். சாக்லேட்டும் ஒரு வெள்ளைக் கரடிதான்.

அதற்குப் பதிலாக, ஆசையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். போதைப் பழக்கங்களை ஆராய்ந்த ஆலன் மார்லட் சொல்லிக்கொடுத்த முறை இது. அலைமேல் சறுக்குவது போல ஆசையின் மேல் நின்றுகொள்வது. நான் செய்வதைச் சொல்கிறேன். உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறேன், 9.20. ஆசை எங்கே தெரிகிறது? நாக்கின் அடியில் எச்சில், தாடையில் ஓர் இறுக்கம், தொண்டையில் ஒரு காத்திருப்பு. மார்பில் லேசான பரபரப்பு, ஏதோ ரயில் கிளம்பிவிடப் போவது போல. வயிற்றில் ஒன்றுமே இல்லை. மூன்று நான்கு நிமிடத்தில் அது ஏறுகிறது, இப்படியே ஏறிக்கொண்டே போகும் என்று தோன்றுகிறது. போவதில்லை. 9.31-க்குப் பார்த்தால் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறேன். மறுபடி வரும். ஆனால் இரண்டாவது அலை சின்னதாக இருக்கும்.

எல்லோருக்கும் இப்படி உட்காரப் பொறுமை இருக்காது. அப்படியானால் மனதின் கண்ணுக்கு வேறு வேலை கொடுங்கள். ஆசை என்பது பெரும்பாலும் படமாக வருகிறது: உருகும் சீஸ், மொறுமொறுவென்ற ஓரம். அந்தப் படம் ஓடும் திரையை வேறொன்று பிடித்துக்கொண்டால் ஆசை தளர்கிறது. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் மூன்று நிமிடம் டெட்ரிஸ் விளையாடவைத்தே ஆசையின் வேகம் குறைவதைக் காட்டினார்கள். கட்டங்களைத் திருப்பித் திருப்பிப் பொருத்தும் அந்தப் பழைய விளையாட்டேதான். போனில் சமூக ஊடகத்தைத் தள்ளிக்கொண்டிருப்பது இதற்கு உதவாது, அங்கே அடுத்த வீடியோவே பீட்சாவாக இருக்கும். பதினைந்து நிமிடம் விறுவிறுவென்று நடப்பதும் வேலை செய்கிறது. எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் சாக்லேட் பிரியர்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பல் தேய்ப்பதற்கு என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை, ஆனால் பற்பசை வாயோடு பிஸ்கட் தின்ன யாருக்கும் மனம் வராது.

ஆசைக்குப் பின்னால் சலிப்போ கோபமோ தனிமையோ இருப்பதாக நோட்டு சொன்னால், அதற்குரியதைச் செய்யுங்கள். யாருக்காவது போன் செய்யுங்கள், இல்லை, போய்ப் படுங்கள்.

படி 8: பிடித்ததைச் சாப்பிடுங்கள், திட்டம் போட்டு

ஒரு பண்டத்தை வாழ்நாள் முழுக்கத் தள்ளிவைக்க முடியாது. வாரத்தில் இரண்டு முறை, முன்பே முடிவுசெய்த நாளில், சாப்பாடு முடிந்த கையோடு சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், அங்கே பசியும் ருசியும் கைகோத்துக்கொள்ளும். ஒரு துண்டைத் தட்டில் எடுத்து வைத்து, மீதியை உள்ளே வைத்து மூடிவிட்டு வந்து உட்காருங்கள். டிவி வேண்டாம். முதல் கடியைக் கடிக்காமல் நாக்கில் வைத்திருங்கள், ஓரங்கள் மழுங்கி உருகுவது தெரியும். முதல் இரண்டு வாயில் இருக்கும் ருசி ஐந்தாவதில் இருக்காது. அதே ருசி திரும்பத் திரும்ப வந்தால் நாக்குக்கு அலுத்துவிடும். அந்த அலுப்பைக் கவனிக்கத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. நான் பிஸ்கட்டை இப்படிச் சாப்பிட்டுப் பார்த்ததில், எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவே பிடிக்காது என்று தெரிந்தது. இத்தனை வருடம் தின்றிருக்கிறேன்!

படி 9: சறுக்கிய நாளில்

1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் செய்த சோதனை டயட்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. முதலில் மில்க் ஷேக், பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கும் வேலை. டயட் சிந்தனை இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட் சிந்தனையில் இருந்தவர்களிலோ, மில்க் ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்கள்தான் அதிகம் தின்றார்கள். "கெட்டது கெட்டுப்போச்சு, இனி என்ன" என்ற மனநிலை. நாலு பிஸ்கட் 200 கலோரி என்றால், அதற்குப் பின் வரும் 'இனி என்ன' எளிதாக ஆயிரத்தைத் தொடும். எடையை ஏற்றுவது அந்த ஆயிரம்.

சறுக்கினால் அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டாதீர்கள், அது நேராக அடுத்த சறுக்கலுக்குக் கொண்டுபோய் விடும். நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

படி 10: எப்போது டயட்டையே நிறுத்த வேண்டும்

மறைந்து மறைந்து சாப்பிடுவது, நிறுத்த முடியாமல் வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தியெடுக்க முயல்வது, சாப்பாட்டை நினைத்தாலே பயம், மாதவிடாய் நின்றுபோவது, இவற்றில் எது இருந்தாலும் இந்த வழிகாட்டி உங்களுக்கானது அல்ல. டயட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் தாமாக டயட் தொடங்கக் கூடாது. தீராப் பசியோடு தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரையையும், படபடப்போடு எடை இறங்கினால் தைராய்டையும் சோதிக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கை எதுவும் பொருந்தாதவர்களும் இடைவேளை எடுக்கலாம். 2011-இல் வெளிவந்த மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வொன்றில், எடை குறைத்து ஓராண்டு ஆனபிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அதனால் இரண்டு மூன்று மாதம் குறைத்துச் சாப்பிட்ட பிறகு, ஒரு இரண்டு வாரம் எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கும் அளவுக்குச் சாப்பிட்டுப் பழகுங்கள். நான் அந்த இரண்டு வாரத்திலும் நோட்டு எழுதுகிறேன். கடைசி முறை பதினான்கு நாளில் மூன்றே பதிவு, மூன்றும் சோபாவில்.